திருவல்லிக்கேணி ரூம், இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, ஃபிரிட்ஜ் இல்லை: எதைச் சமைப்பது, எதை வெளியே சாப்பிடுவது?

மொட்டைமாடி (கேள்வி)

திருவல்லிக்கேணியில் மொட்டைமாடி ரூம். ரெண்டு பேர் தங்கியிருக்கோம், ரெண்டு பேரும் காலேஜ் ஸ்டூடண்ட்ஸ். ஹவுஸ் ஓனர் கேஸ் வைக்க விடமாட்டார், இண்டக்‌ஷன் ஓகே. கையில இருக்கறது: 2000 வாட் இண்டக்‌ஷன், 3 லிட்டர் குக்கர், இரும்பு தோசைக்கல், ஒரு கடாய், சின்ன மிக்ஸி. ஃபிரிட்ஜ் கிடையாது. காலை 8.45க்குக் கிளம்பணும், திரும்ப 5 மணி ஆயிடும்.

பிரச்சினைகள்: (1) குக்கர் சாதம் மேலே வேகாம, அடியில பிடிச்சுக்குது. நாலு விசில்தான் விடறோம். (2) காலையில வெச்ச சாம்பார் சாயங்காலம் நுரைச்சுப் போகுது. (3) தோசை நடுவுல கருகுது, ஓரம் வேகல. (4) இண்டக்‌ஷன் போட்டிருக்கும்போது கெட்டில் போட்டா ஃபியூஸ் போகுது. (5) மூணு வேளையும் சமைக்க நேரமில்லை, மூணு வேளையும் வெளியே சாப்பிடக் காசில்லை. எந்த வேளையை வெளியே விடறது புத்திசாலித்தனம்? சைவம், முட்டை, எப்பவாவது பிரியாணி. அவ்வளவுதான்.

மெயின்ஸ்விட்ச்

நாலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுதான் ஆபத்து. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். ரூமில் ஃபேன், சார்ஜர் மாட்டுகிற சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது சுமார் 1380 வாட். அடுப்பின் தடிக்கால் பிளக்கை அடாப்டர் போட்டு அதில் சொருகினால் முதலில் பிளக் சூடாகும், அப்புறம் ஓட்டை ஓரம் பழுப்பாகும், அப்புறம் உருகும். தடிக்கால் போகிற 16 ஆம்பியர் பாயிண்ட் பெரும்பாலும் கீசருக்கோ ஏ.சி.க்கோ வைத்திருப்பார்கள். அதுதான் உங்கள் அடுப்பு மூலை. அது இல்லையென்றால் அடுப்பை 1200 வாட்டுக்கு மேலே ஏற்றாதீர்கள். பத்து நிமிடம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த பாயிண்ட் வேண்டாம். நாலு ஓட்டை எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது.

கெட்டில் 1500 வாட். இரண்டும் சேர்ந்தால் 15 ஆம்பியர் தாண்டும், ஃபியூஸ் போகத்தான் செய்யும். அதற்குத் தடிமனான கம்பி கட்டித் தரச் சொல்லாதீர்கள், சுவருக்குள் ஒயர் எரியும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று, அவ்வளவுதான்.

இப்போது சாதம். கேஸ் அடுப்புக்குச் சொன்ன விசில் கணக்கு இண்டக்‌ஷனுக்கு ஒத்துவராது. அடி சட்டென்று சூடாவதால் முழு வேகத்தில் நாலு விசிலும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் அடித்துவிடும். அரிசிக்கு உள்ளே வேக நேரமே கிடைக்காது, அடியில் இருப்பது மட்டும் காய்ந்து பிடிக்கும். விசிலை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்:

புழுங்கலரிசி ஒன்றரை டம்ளர் (200 மில்லி டம்ளர்), அரை மணி ஊறவைத்து, தண்ணீர் நாலு டம்ளர். 1200 வாட்டில் முதல் விசில் வரும்வரை. அப்புறம் 600க்குக் குறைத்து 10 முதல் 12 நிமிடம். அணைத்துவிட்டு ஆவி தானே அடங்கும்வரை கால் மணி நேரம் தொடாதீர்கள், அந்தக் கால் மணியும் வேகிற நேரம்தான். பச்சரிசி என்றால் ஒன்றுக்கு இரண்டேகால் தண்ணீர், முதல் விசிலுக்குப் பின் 5 நிமிடம் போதும்.

சில அடுப்புகளில் 800க்குக் கீழே போனால் விட்டுவிட்டு எரியும்: கொஞ்ச நேரம் கொதி, கொஞ்ச நேரம் சும்மா. அது கோளாறு இல்லை. குக்கருக்குப் பரவாயில்லை, பால் காய்ச்சும்போதுதான் திடீரென்று பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கரண்ட் செலவு: சராசரி 1200 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் சொச்சம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றாலும், வாடகை ரூமில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவதே வழக்கம். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்சட்டி

தம்பி, உங்க திட்டத்தையே தலைகீழா மாத்துங்க. காலையில சமைச்சு சாயங்காலம் வரைக்கும் வைக்கறது ஃபிரிட்ஜ் இருக்கற வீட்டுப் பழக்கம். மொட்டைமாடி ரூம் மத்தியானம் பூட்டிக் கிடக்கும்போது எவ்வளவு வெக்கை இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதுல எந்த சாம்பாரும் எட்டு மணி நேரம் நிக்காது. ராத்திரி சமைங்க, ராத்திரி சுடச்சுட சாப்பிடுங்க, மீந்த சோறு காலைக்கு. மத்தியானம் வெளியே. அப்ப ரூம்ல எதுவுமே பகல் வெயில்ல உட்கார வேண்டியதில்லை.

காலைக்குப் பழைய சோறு. முகம் சுளிக்காதீங்க, இதைவிட சுலபமான டிபன் கிடையாது. புழுங்கலரிசிதான் வேணும், பச்சரிசி கரைஞ்சு கூழாயிடும். சாப்பிட்டு முடிச்சதும் மீதிச் சோத்தை ஆறவிட்டு (மணிக்கணக்கா வெறுமனே கிடக்க விடாதீங்க), குடிக்கற தண்ணி ரெண்டு விரல் மேலே நிக்கற மாதிரி ஊத்தி மூடி வைங்க. ஒன்பது பத்து மணிக்கு ஊத்தினா காலை ஏழு மணிக்கு லேசாப் புளிச்சிருக்கும். மெட்ராஸ் வெக்கைக்கு அது போதும். கையால பிசைஞ்சு, உப்பு, மோர், நாலு சின்ன வெங்காயம். நாத்தம் வந்தாலோ, நூல் நூலா இழுத்தாலோ கொட்டிடுங்க, கழுவித் தின்னப் பார்க்காதீங்க. தண்ணி ஊத்தாம அப்படியே வெச்ச சோத்தை மறுநாள் வதக்கி லெமன் சாதம் பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச மாதிரி தெரியும், ஆனா வயித்தைக் கெடுக்கறது அதுதான். திரும்பச் சூடு பண்ணினாலும் அதுல ஊறின விஷம் போகாது.

காலையில டப்பா எடுத்துட்டுப் போகணும்னா தயிர் சாதம் ஒண்ணுதான் நம்பிக்கை. சாதத்தைச் சூடா இருக்கும்போதே கரண்டியால நல்லா மசிச்சு, வெதுவெதுப்பா ஆனப்புறம் ஒரு டம்ளர் காய்ச்சின பால், ரெண்டு ஸ்பூன் தயிர். மத்தியானத்துக்குள்ள டப்பாவிலேயே உறைஞ்சு புளிக்காம இருக்கும். கொதிக்கற சோத்துல தயிர் போட்டா திரிஞ்சு தண்ணி விட்டுடும். தயிரை நிறையப் போட்டா பதினோரு மணிக்கே புளிச்சுடும். உப்பு, தாளிப்பு ஓகே. மாங்காய், வெள்ளரிக்காய் போட்டா தண்ணி விடும், தனியா எடுத்துட்டுப் போங்க. ஆவின்ல பச்சை பாக்கெட் (கொழுப்பு 4.5 சதம்) தயிருக்கு நல்லா இருக்கும், நீலம் கொஞ்சம் இளசா உறையும்.

குழம்புக்கு வருவோம். தேங்காய் அரைச்சது, பருப்பு போட்டது, கீரை, இதெல்லாம் அன்னிக்கே தீர்க்கணும். நிக்கணும்னா வத்தக்குழம்பு. ரெண்டு பேருக்கு ரெண்டு ராத்திரிக்கு:

நல்லெண்ணெய் நாலு டேபிள்ஸ்பூன் காயவெச்சு கடுகு, வெந்தயம் கால் ஸ்பூன், சுண்டைக்காய் வத்தல் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கருஞ்சிவப்பா வறுங்க, கரிய விடாதீங்க, கசந்துடும். பத்துப் பல் பூண்டு, பத்து சின்ன வெங்காயம் வதக்கி, சாம்பார் பொடி ரெண்டு ஸ்பூனை அடுப்பைக் குறைச்சு எண்ணெயிலேயே அரை நிமிஷம் பிரட்டுங்க. எலுமிச்சை அளவு புளியை ரெண்டு டம்ளர் தண்ணியில கரைச்சு ஊத்தி, உப்பு போட்டு, எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு குழம்பு பாதியா சுண்டற வரைக்கும் கொதிக்கணும். 20 நிமிஷம் ஆகும். கடைசியில பாக்கு அளவு வெல்லம். தண்ணியா இறக்கினா நிக்காது, சுண்டறதுலதான் இருக்கு விஷயம். மறுநாள் காலையிலயும் ராத்திரியும் ஒரு கொதி விட்டு, ஆறினப்புறம் மூடுங்க. சூட்டோட மூடினா மூடியில வேர்த்து அந்தத் தண்ணி சொட்டி ஊசிப்போகும். எச்சில் கரண்டி, ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது.

அலுத்த நாளைக்குப் பருப்புப்பொடி: துவரம்பருப்பு ஒரு டம்ளர், பொட்டுக்கடலை கால் டம்ளர், காஞ்ச மிளகாய் ஆறு, மிளகு ஒரு ஸ்பூன், பெருங்காயம். தனித்தனியா வறுத்து, முழுசா ஆறவிட்டு, உப்பு சேர்த்து அரைங்க. சூடா அரைச்சா வேர்த்துக் கட்டி பிடிக்கும். சுடுசோறு, நெய், பொடி, ஒரு ஆம்லெட். சாப்பாடு ஆச்சு.

மொட்டைமாடி

நன்றி அக்கா, ராத்திரி சமையல் ஐடியா சரியா இருக்கு. ஒரு சந்தேகம்: சாதத்தோட பருப்பையும் ஒரே குக்கர்ல வைக்கலாமா? தனியா வெச்சப்ப துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் நறுக்கு நறுக்குனு இருக்கு. ரூம் குழாய் போர் தண்ணி, கொஞ்சம் உப்பு கரிக்கும்.

கல்சட்டி

பதில் உங்க கேள்வியிலேயே இருக்கு தம்பி. உப்புத் தண்ணியில பருப்பு வேகாது. அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிடும். கழுவ எதுவானாலும் சரி, ஊறவைக்கற தண்ணியும் வேகவைக்கற தண்ணியும் கேன் தண்ணியா இருக்கட்டும். கால் டம்ளர் பருப்புக்கு முக்கால் டம்ளர், கேன் ஒண்ணும் காலியாயிடாது. அரை மணி ஊறவைங்க. மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் விட்டாத்தான் நுரை பொங்கி விசில் ஓட்டை அடைக்காது. புளியும் தக்காளியும் பருப்பு வெந்தப்புறம்தான். புளிப்பு சேர்ந்தாலும் வேகாது. பழைய பருப்பா இருந்தாலும் இதே கதைதான், அதனால அரைக் கிலோவுக்கு மேல வாங்கி வைக்காதீங்க.

ஒரே குக்கர்ல வைக்கலாம். அரிசியும் தண்ணியும் அடியில, நடுவுல உயரமான சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல பருப்பு, மேலே ஒரு தட்டு. கிண்ணத்தோட விளிம்பு அரிசித் தண்ணிக்கு மேலே நிக்கணும், குக்கர் மூடியைத் தொடக் கூடாது. புழுங்கலரிசியும் ஊறின துவரம்பருப்பும் ஒரே நேரத்துல வேகும், நல்ல ஜோடி. பச்சரிசியோட வெச்சா பருப்பு வேகறதுக்குள்ள சோறு குழைஞ்சுடும். மொத்தமா பாதிக் குக்கருக்கு மேல ரொப்பாதீங்க. ரெண்டு முட்டையைக் கழுவி அந்தத் தட்டு மேல வெச்சா அதுவும் வெந்துடும், என்ன, மஞ்சக்கரு ஓரம் கொஞ்சம் பச்சை பாயும், அவ்வளவுதான்.

பந்திக்குமுந்து

மத்தியானத்தை வெளியே விடச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இட்லியும் தோசையும் ரூமிலேயே செய்யலாம். ஆனால் கூட்டு, பொரியல், ரசம், மோர் என்று நாலைந்து வகையை ஒரு அடுப்பில் இரண்டு பேருக்காக யார் செய்வது? காய்கறி உள்ளே போகிற வேளையைக் காசு கொடுத்து வாங்குங்கள், மாவு சாப்பிடுகிற வேளையை ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்டூடண்ட்ஸ் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மத்தியானம் பப்ஸ், ராத்திரி பரோட்டா.

திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்களின் பேட்டை, மெஸ்ஸுக்குக் குறைச்சலே இல்லை. அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதான், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 12.30க்கு மேல் போனால் கூட்டம், கிளாஸ் இடைவேளைக்குள் முடியாமல் போகலாம். மாதக் கணக்கு வைக்கிற சின்ன மெஸ்ஸில் சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஊருக்குப் போகிற நாளைக் கழிப்பார்களா, ஞாயிற்றுக்கிழமை உண்டா, டோக்கனை நண்பனுக்குக் கொடுக்கலாமா. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நாலு நாள் தினக் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ரசத்தையும் மோரையும் கவனியுங்கள். மெஸ்காரர் கைவைப்பது அங்கேதான் தெரியும்.

காசு தட்டுப்பாடான மாதக் கடைசிக்கு அம்மா உணவகம். 2013இல் தொடங்கியது. காலை 7 முதல் 10 வரை இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மத்தியானம் 12 முதல் 3 வரை சாம்பார் சாதம், எலுமிச்சை அல்லது கறிவேப்பிலை சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சாயங்காலம் 6 முதல் 9 வரை இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3 ரூபாய். கடைசி அரை மணியில் போனால் தீர்ந்திருக்கும். குறை என்னவென்றால் காய் கிடையாது. கையில் ஒரு வாழைப்பழம், ஒரு வேகவைத்த முட்டை எடுத்துக்கொண்டு போனால் ஒரு வேளை ஒழுங்காகிவிடும்.

பார்சல் சாப்பாடு ஒன்று வாங்கினால் சோறு இரண்டு பேருக்குக் காணும். அதைவிட நல்ல வழி, குழம்பு, கூட்டு மட்டும் பார்சல். பல மெஸ்ஸில் தனியாகக் கட்டிக் கொடுப்பார்கள். ராத்திரி ரூமில் சோறு மட்டும் வடித்தால் போதும். ஆனால் மத்தியானம் கட்டிய பார்சலை ராத்திரிக்கு வைக்காதீர்கள், சூட்டோடு பாலிதீனில் கட்டிய கூட்டு நாலு மணிக்கே போய்விடும்.

எதைத் தவிர்ப்பது? நிறையப் பேர் ரோட்டோரக் கடை என்றாலே பயப்படுகிறார்கள். கையேந்தி பவனில் காலை ஏழு மணிக்கு ஈடு எடுக்கும்போது ஆவி பறக்கிற இட்லியால் ஒன்றும் ஆகாது. பதினோரு மணிக்கு அதே வாளியில் மிச்சமிருக்கிற தேங்காய்ச் சட்னிதான் ஆபத்து. கொதிக்கிற சால்னாவை நம்பலாம், திறந்து கிடக்கிற வெங்காயத்தை நம்ப முடியாது. பஜ்ஜி எண்ணெய் கறுத்து, மாவு போட்டதும் மேலெல்லாம் நுரை கட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். பிரியாணியை மத்தியானம் தம் உடைக்கிற நேரத்தில் சாப்பிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு அடிச்சட்டியைச் சுரண்டுவது வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு முழுப் பிளேட்டும் கூட இரண்டு முட்டையும் போதும்.

திருவல்லிக்கேணி ஹைரோட்டில் ரத்னா கஃபே சாம்பார் இட்லியை விடச் சொல்ல மனசு வராது. இட்லி மூழ்க மூழ்க ஊற்றுவார்கள். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, தினப்படிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாயங்காலப் பசிக்கு மெரினா பக்கம் நடந்தால் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். பப்ஸ் காசுக்கு அது எவ்வளவோ மேல்.

காய் வாங்க ஜாம் பஜார். கால் கிலோ கேட்டால் கடைக்காரர் முகம் சுண்டும், கூறு கட்டி வைத்திருப்பதை வாங்குங்கள், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். கடை கட்டுகிற நேரத்தில் விலை இறங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத ரூமுக்குச் சேனை, வாழைக்காய், பூசணி, உருளை, சின்ன வெங்காயம். கீரை, பீன்ஸ் எல்லாம் அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் மட்டும்.

மெயின்ஸ்விட்ச்

தோசையை யாரும் தொடவில்லை. அடுப்புக்குள் இருக்கிற சுருள் ஏறக்குறைய 16 முதல் 18 சென்டிமீட்டர் அகலம்தான். 28 சென்டிமீட்டர் கல்லில் நடு மட்டும் காயும், ஓரத்துக்கு வெப்பம் இரும்பு வழியாக நகர்ந்துதான் போகணும். அதனால் 600 வாட்டில் ஐந்து ஆறு நிமிடம் கல்லைப் பொறுமையாகக் காயவிடுங்கள், அப்புறம் 1000. எடுத்த எடுப்பில் 1800 போட்டால் மெல்லிய கல் நடுவில் எழும்பிவிடும், பிறகு அந்தக் கல் இண்டக்‌ஷனில் ஒழுங்காக உட்காராது. ஒவ்வொரு தோசைக்கு முன்னும் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், நடுச்சூடு அடங்கும். பெரிய முறுகல் தோசைக்கு ஆசைப்படாமல் உள்ளங்கை அகலத்தில் கல்தோசை, ஊத்தப்பம் என்று போங்கள், மூடி போட்டு. பாக்கெட் மாவு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம்: முதல் ராத்திரி பாதி, மறுநாள் காலை மீதி. அதற்கு மேல் புளிப்பு ஏறிவிடும். ஏறிப்போனால் வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் ரவை சேர்த்து ஊத்தப்பமாக்கிவிடலாம்.

மொட்டைமாடி

16 ஆம்பியர் பாயிண்ட் பாத்ரூம் வாசல்ல இருக்கு, அடுப்பை அங்கே மாத்திட்டோம். சாதம் சரியா வந்துச்சு. இன்னொண்ணு: இன்னிக்கு விசிலே வரல, ஓரத்துல புஸ்ஸுனு ஆவி போய்க்கிட்டே இருந்துச்சு. கேஸ்கட் போச்சா?

கல்சட்டி

பாத்ரூம் வாசலா? குளிச்ச ஈரம் காயற வரைக்கும் அடுப்பைப் போடாதீங்க, தரையில வைக்காம ஸ்டூல் மேல வைங்க.

ஆவி போச்சுன்னா உடனே புதுசு வாங்க ஓடாதீங்க. அணைச்சுட்டு ஆவி அடங்கினப்புறம் திறந்து, கேஸ்கட்டைக் கழட்டிப் பாருங்க. பாதி நேரம் சோத்துப் பருக்கைதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். கழுவி, அஞ்சு நிமிஷம் குளிர்ந்த தண்ணியில போட்டு மாட்டினா சுருங்கி இறுகிக்கும். விரல்ல இழுத்தா தொளதொளன்னு மூடியில நிக்காம விழுந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ மாத்த வேண்டியதுதான். குக்கர் கம்பெனி பேரும் லிட்டரும் சொல்லி அதே அளவு வாங்குங்க, வேற கம்பெனி கேஸ்கட் சரியாப் பொருந்தாது. வெயிட்டைத் தூக்கி ஓட்டை வழியா வெளிச்சத்தைப் பாருங்க, அடைச்சிருந்தா துடைப்பக் குச்சியால குத்திவிடுங்க. ஆவி வெளியே போன அன்னிக்கு உள்ளே தண்ணி குறைஞ்சிருக்கும், அப்படியே மூடித் திரும்ப வெச்சா அடி பிடிக்கும். அரை டம்ளர் சேர்த்துட்டு வைங்க. ராத்திரி சாப்பிட்டதும் கேஸ்கட்டைக் கழட்டித் தனியா வைக்கணும், மூடியிலேயே விட்டா சீக்கிரம் தொய்ஞ்சுடும்.